செல்லில் இல்லாத தீட்டு

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு படிக்கும் பட்டியல் சாதிச் சிறுமி ஒருத்தி பூப்பெய்தியிருந்த காரணத்தால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுத வைக்கப்பட்டாள். தாய் எடுத்த காணொளி பரவியது. பள்ளி முதல்வர் இடைநீக்கம் செய்யப்பட்டார். நாம் எல்லோரும் கோபப்பட்டோம், பதிவு போட்டோம்.

இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் கோபத்தின் பின்னாலேயே இன்னொன்றும் வரும். "இது மூடநம்பிக்கை இல்லைங்க, அந்தக் காலத்துலயே அறிவியல் தெரிஞ்சு செஞ்ச ஏற்பாடு" என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்தி. மாதவிடாய் இரத்தம் உடம்பின் நச்சுக் கழிவாம். அந்த நாள்களில் உடலின் சக்தி கீழ்நோக்கிப் பாயுமாம். பாவம், ஓய்வு எடுக்கட்டும் என்றுதான் பெண்ணை ஒதுக்கி வைத்தார்களாம். என் அனுபவத்தில் இதை அனுப்புகிறவர்கள் பழமைவாதிகள் மட்டுமல்ல. பொறியியல் படித்த தம்பிகளும் அனுப்புகிறார்கள்.

நான் விலங்கியலில் முனைவர் பட்ட ஆய்வாளர். கருப்பையின் உட்சவ்வுதான் என் ஆய்வுப் பொருள். அதாவது இவர்கள் 'அறிவியல்' என்று கைகாட்டும் இடத்தில்தான் நான் தினமும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகவே. பள்ளியில் இந்தப் பாடம் வரும்போது ஆசிரியர்கள் "நீங்களே படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவது நமக்குத் தெரிந்ததுதானே.

அந்தச் சவ்வுக்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். அதில் இரண்டு அடுக்குகள். தசையோடு ஒட்டியிருக்கும் அடியடுக்கு எப்போதும் இருக்கும். அதன்மேல் வளரும் மேலடுக்குதான் மாதம்தோறும் உதிர்கிறது. உதிர்ந்து முடியும்போது சவ்வின் தடிமன் ஓரிரு மில்லிமீட்டர்தான். சினைப்பையிலிருந்து ஈஸ்ட்ரோஜன் வரத் தொடங்கியதும் அடியடுக்கில் மிச்சமிருக்கும் சுரப்பிகளின் செல்கள் பெருகி மேலேறுகின்றன. இந்த நாள்களின் திசுவை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் பார்க்கும் இடமெல்லாம் தெரியும். நேர்க்குழாய் போலிருந்த சுரப்பிகள் நாளாக ஆக நீண்டு வளைகின்றன. இதனோடு ஈஸ்ட்ரோஜன் இன்னொரு வேலையையும் செய்கிறது. அடுத்து வரப்போகும் புரோஜெஸ்டிரோனை அடையாளம் காணும் ஏற்பிகளைச் செல்களில் உண்டாக்கி வைக்கிறது. அது இல்லாவிட்டால் புரோஜெஸ்டிரோன் வந்தும் பயனில்லை.

சுழற்சியின் நடுவில் கருமுட்டை வெளியேறுகிறது. (28 நாள் சுழற்சி என்பது பாடப்புத்தகம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட கணக்கு. உங்களுக்கு 25 அல்லது 33 என்றால் பதற வேண்டாம்.) முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சுரப்பி புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. செல்கள் பெருகுவது குறைந்து, அவை தொழில் மாறுகின்றன. ஓரிரு நாளில் சுரப்பிச் செல்களின் உட்கருவுக்குக் கீழே வெளிறிய குமிழ்கள் வரிசையாகத் தோன்றும். அவை கிளைகோஜன், அதாவது சேமித்த மாவுச்சத்து. அந்தக் குமிழ்கள் தள்ளுவதால் உட்கருக்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் மேலேறி நிற்கும். பந்தியில் இலை போட்டதுபோல அவ்வளவு ஒழுங்கு. முதன்முறை பார்த்தபோது ஸ்லைடை எடுக்கவே மனம் வரவில்லை. பிறகு அந்தச் சத்து சுரப்பியின் உள்வெளிக்குள் கசிகிறது. திசு நீர்கோத்து மென்மையாகிறது. இந்த மாற்றங்களை நாள்வாரியாக அடையாளம் காணும் முறையை நோயஸ், ஹெர்ட்டிக், ராக் என்ற மூவர் 1950இல் எழுதினார்கள். இன்றும் மாணவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறோம். அவர்கள் நினைத்த அளவுக்கு நாள் துல்லியம் கிடையாது என்று பின்னாளில் தெரியவந்தது. அது ஆய்வாளர்களுக்குள் நடக்கும் வேறு சண்டை.

கரு வந்து ஒட்டக்கூடிய காலம் ஏறக்குறைய 20ஆம் நாளிலிருந்து 24ஆம் நாள் வரை. அதையொட்டி, சுரப்பிகளுக்கு இடையே ஒல்லியாகக் கதிர் வடிவில் கிடந்த செல்கள் உருண்டு பருக்கின்றன. பால் சுரப்போடு சேர்த்துப் பேசப்படும் புரோலாக்டினை இவையும் சுரக்கத் தொடங்குகின்றன. 'இயற்கைக் கொல்லி' வகையைச் சேர்ந்த நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டமாகக் கூடுகின்றன. பெயர்தான் கொல்லி. இங்கே அவை செய்வது இரத்தக் குழாய்களைச் செப்பனிட உதவும் வேலை.

சுண்டெலியிடம் செல்கள் இப்படி உருண்டு பருப்பது, கரு வந்து ஒட்டிய பிறகுதான் நடக்கும். மனிதர்களிடம் கரு வருவதற்குக் காத்திராமல் மாதம்தோறும் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. முதிர்ந்துவிட்ட அந்தத் திசு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கரு வராதபோது கார்பஸ் லூட்டியம் சுருங்கி, புரோஜெஸ்டிரோன் சரிகிறது. உடனே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகும், வெள்ளணுக்கள் வந்து குவியும், செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் வலைப்பின்னலை நொதிகள் அறுக்கும், சுருள் தமனிகள் இறுகும். 1940இல் மார்க்கீ என்பவர் குரங்கின் எண்டோமெட்ரியத்தை அதே குரங்கின் கண்ணுக்குள் பதியவைத்து, இது நடப்பதை நேரடியாகப் பார்த்து எழுதினார். இரக்கமற்ற சோதனை. ஆனால் அந்தத் தமனிகள் இறுகுவதை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது. மாதவிடாய் வருகிற விலங்குகள் மிகச் சில: சில குரங்கினங்கள், சில வௌவால்கள், யானை மூஞ்சூறு, அண்மையில் தெரியவந்த ஒரு முள்மயிர்ச் சுண்டெலி. நாய்க்கு வருவது இதுவல்ல.

கருப்பைத் தசையை இறுக்கி வலியைக் கொண்டுவருவதும் அந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். மெஃபனமிக் அமில மாத்திரை பலருக்குக் கேட்பது, அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதால். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே" என்று சொல்லப்படும் வலிக்கு அளக்கக்கூடிய வேதியியல் உண்டு.

உதிர்வு முடிந்த பிறகுதான் சவ்வு சீராகிறது என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே, இரண்டாம் மூன்றாம் நாளிலேயே, உதிர்ந்து முடிந்த இடங்களில் புதிய செல்கள் படரத் தொடங்கிவிடுகின்றன. ஐந்தாறு நாளில் பரப்பு முழுவதும் மூடிவிடும், தழும்பே இல்லாமல். விரலில் கத்தி பட்டாலே தழும்பு விழும் நம் உடம்பில், ஓர் உறுப்பு வாழ்நாளில் ஏறத்தாழ நானூறு முறை தன்னைத்தானே உரித்துத் தழும்பின்றித் தைத்துக்கொள்கிறது. தீட்டு என்று ஒதுக்கி வைக்கும் அதே மூன்று நாளில்தான் இந்தத் தையல் நடக்கிறது.

ஒருமுறை வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். கூடவே உதிர்ந்த திசுவும் சளிநீரும் இருக்கும். இதில் 'கழிவு' எங்கே? கழிவை வெளியேற்றச் சிறுநீரகம் இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது. கருப்பைக்கு அந்த வேலை கிடையாது. எண்டோமெட்ரியத்தில் தண்டுச்செல்களின் தன்மை கொண்ட செல்கள் உண்டு என்று 2004இல் காட்டினார்கள். 2007இல் மாதவிடாய் இரத்தத்திலிருந்தே அத்தகைய செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். நச்சு என்று ஒதுக்கியதை இன்று சிகிச்சைக்குப் பயன்படுமா என்று ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது "அறிவியல் தீட்டை ஒழித்துவிட்டது" என்ற வழக்கமான கட்டுரையாகிவிடும். வரலாறு அப்படி நடந்துகொள்ளவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பிய மருத்துவர்கள், மேலே நான் சொன்ன இயல்பான மாற்றங்களில் பலவற்றை நோய் என்றே எழுதிவைத்திருந்தார்கள். சுரப்பிகள் நெளிந்திருந்தால் அழற்சி என்று பெயரிட்டுச் சுரண்டி எடுத்தார்கள். வியன்னாவில் ஹிட்ச்மன், ஆட்லர் என்ற இருவர் 1908இல், இவை ஒரே சுழற்சியின் வெவ்வேறு நாள்கள் என்று நிறுவினார்கள். அதே வியன்னாவில் 1920இல் பேலா ஷிக் என்ன செய்தார் தெரியுமா? தொண்டை அடைப்பான் நோய்க்கான பரிசோதனையைக் கண்டுபிடித்த பெரிய மருத்துவர் அவர். தன் வீட்டுப் பணிப்பெண் மாதவிடாய் நாளில் தொட்ட பூக்கள் வாடிவிட்டன என்று பார்த்து, மாதவிடாய்ப் பெண்ணின் உடலில் நஞ்சு இருக்கிறது என்று எழுதினார். அந்த நஞ்சுக்கு 'மெனோடாக்சின்' என்று பெயர் வந்தது. பல பத்தாண்டுகள் தேடினார்கள். 1970களில்கூட லான்செட் இதழில் அதைப் பற்றிக் கடிதங்கள் வந்தன. யார் கையிலும் சிக்கவில்லை, இல்லாதது எப்படிச் சிக்கும்? நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது பேராசிரியர் வீட்டுப் பெண்ணின் கையில் அல்ல, வேலைக்காரியின் கையில் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அது ஐரோப்பா, அது பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆய்வகத்தில் ஆயுத பூசையன்று நுண்ணோக்கிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஓராண்டு, உறைபெட்டியிலிருந்த என் மாதவிடாய்த் திரவ மாதிரிகளை அன்று ஒருநாள் மட்டும் வேறு அறைக்கு மாற்றிவைக்க முடியுமா என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் மிகப் பணிவாகக் கேட்டார். மைனஸ் 80 டிகிரியில், மூடிய குழாயில், எண்ணிட்டு வைத்த மாதிரி! அதே உறைபெட்டியின் மேல்தட்டில் பெருக்க நாளின் எண்டோமெட்ரியம் இருந்தது. அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அதே சவ்வு, அதே செல் வம்சம், பத்து நாள் வித்தியாசம். வெளியே வந்துவிட்டால் தீட்டு. உள்ளே இருக்கும்வரை அதற்குப் பெயர் கருவறை, கோயிலில் சிலை இருக்கும் இடத்துக்கு வைத்திருக்கும் பெயர்.

அவரிடம் நான் செல்லியல் பேசிப் பயனில்லை. அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

தீட்டு அந்தத் திரவத்தில் இல்லை என்றால் எங்கே இருக்கிறது? அதைத் தொட வைக்கப்பட்டவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டிருக்கிறது. என் அம்மாச்சி புதிரை வண்ணார். ஊரின் தீட்டுத்துணியும் பிள்ளைப்பேற்றுத் துணியும் இழவுத்துணியும் வெளுத்தவர். உவர்மண் போட்டு, வெள்ளாவி வைத்து, இரவில் வீடுவீடாகப் போய் ஊர்ச்சோறு வாங்கி வந்தவர். "ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணிதான், வெந்நி பட்டா கறை புடிச்சுக்கும்" என்பார். சூடு பட்டால் இரத்தப் புரதம் உறைந்து நூலில் ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைத்த பாடம். ஆய்வகத்திலும் திசுவைக் குளிர்ந்த உப்புநீரில்தான் அலசுகிறோம். எனக்கு அதற்கு உதவித்தொகை வருகிறது. அம்மாச்சிக்குப் பழைய சோறு.

புதிரை வண்ணார் யாருக்குத் துணி வெளுத்தார்கள் என்பது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். ஒடுக்கப்பட்ட தெருக்களுக்கு. நம் தெருக்களும் தங்கள் தீட்டை இன்னொரு படி கீழே இறக்கித்தான் வைத்திருந்தன. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் புரிந்துகொள்ள எனக்கு அம்மாச்சியின் துணிமூட்டையே போதுமானதாக இருந்தது. இதைச் சொன்னால் இயக்கத் தோழர்கள் சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. இருக்கட்டும்.

சபரிமலை வழக்கில் 2018 செப்டம்பர் 28 அன்று வந்த தீர்ப்பில், மாதவிடாயைக் காரணம் காட்டி விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவமே, அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அதற்கும் பொருந்தும் என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். அந்தப் பிரிவு சாதித் தீண்டாமைக்கானது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டார். என் தோழிகள் பலருக்குச் சந்திரசூட் சொன்னதுதான் சரி. தீட்டு என்ற கருத்தின் வேர் ஒன்றே என்ற அளவில் எனக்கும் சரிதான். ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆதிக்கசாதிப் பெண் நான்காம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவள் துணியை அலசியவளுக்கு நான்காம் நாளே கிடையாது. முதல் பெண்ணுக்கு நேர்வது அநீதி இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது பெண் அந்தத் தீர்ப்பின் எந்தப் பக்கத்தில் வருகிறாள் என்றுதான் கேட்கிறேன்.

துணி போய் நாப்கின் வந்ததும் அவள் மறைந்துவிடவில்லை. இன்று நாளிதழில் சுற்றிக் குப்பையில் போடுவதைப் பிரித்தெடுக்கும் கைகள் பெரும்பாலும் தலித் பெண் தூய்மைப் பணியாளர்களின் கைகள். நாப்கின்களைச் சுற்றிப் போட உறை தரவேண்டியது உற்பத்தி நிறுவனங்களின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. உங்கள் வீட்டு நாப்கின் பாக்கெட்டில் அந்த உறை இருக்கிறதா என்று பாருங்கள். புனேயின் குப்பை சேகரிப்போர் கூட்டுறவு அமைப்பான ஸ்வச் இதற்காகப் போராடியது. 2013இல் பயன்படுத்திய நாப்கின்களைப் பொதியாக்கி நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு மிகவும் பிடித்த போராட்ட வடிவங்களில் அதுவும் ஒன்று.

இனி அந்த 'ஓய்வு' வாதம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த இரவில், பட்டுக்கோட்டை அருகே பூப்பெய்திய சிறுமி ஒருத்தி தனிக் குடிசையில் படுக்க வைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் குடிசைமேல் விழுந்து இறந்துபோனாள். இதற்கும் ஓய்வு என்று பெயர் வைப்பீர்களா? ஓய்வு கொடுக்க நினைப்பவர்களுக்கு வழி உண்டு. பீகாரில் அரசு ஊழியப் பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 1992 முதல் இருக்கிறது. அதற்கு மாட்டுக்கொட்டகை தேவைப்படவில்லை.

கூலிப் பெண்ணுக்கு யாரும் ஓய்வு கொடுத்ததில்லை. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில், வலிக்கிறது என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைக் கொடுத்து இயந்திரத்துக்குத் திருப்பி அனுப்பியதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் வெளிக்கொண்டு வந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் மாத்திரையோடு நிற்கவில்லை. அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் கணவன் மனைவியை ஒரே அரிவாளாகக் கணக்கிட்டு முன்பணம் கொடுப்பார்கள். ஒருநாள் வராவிட்டால் அபராதம். போகிறவர்களில் பெரும்பகுதி தலித்துகள், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்றோர். 2019இல் மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண் கரும்புத் தொழிலாளர்களை ஆய்வு செய்தது. 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. ஆறில் ஒருவருக்கு. வெள்ளைப்படுதல், வலி என்று போனவர்களிடம் புற்றுநோய் பயம் காட்டி அறுத்திருக்கிறார்கள். சினைப்பையும் சேர்ந்து போனால் ஈஸ்ட்ரோஜன் நின்று, எலும்பு முப்பது வயதிலேயே தேயத் தொடங்கும். அந்த உடம்போடுதான் கட்டுக் கட்டாகக் கரும்பு தூக்குகிறார்கள்.

பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பேசினார். மற்றவர்கள் உடல்நலத்துக்காக, வறுமை ஒழிப்புக்காக என்று பேசியபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக என்று பேசினார். பீட் மாவட்டத்தில் கருப்பை போனது யாருடைய விடுதலைக்காக? ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டுக்காக.

எண்டோமெட்ரியத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இப்படி அறுத்து எடுக்கப்பட்ட கருப்பைகளிலிருந்து வந்தது. நான் மேலே சொன்ன 2004 தண்டுச்செல் ஆய்வும் அப்படித்தான். எனக்கு வரும் திசுப் பெட்டிகளிலும் பெயர் இருக்காது. வயது இருக்கும், நோய்க்குறிப்பு இருக்கும், தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருக்கும். 34, கூலி. 31, கூலி. சில பெட்டிகளில் நுண்ணோக்கியில் பார்த்தால் கட்டியும் இருக்காது, புற்றும் இருக்காது. பந்தி இலைகள் போல உட்கருக்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கும், முட்டை வெளியேறி மூன்றாம் நாள். எந்தக் குறையும் இல்லாத சவ்வு.

தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க ஒன்றிய அரசு 2022இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் அவற்றை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்தக் குழுவில் யார் யார், எத்தனை முறை கூடினார்கள், 40 வயதுக்குட்பட்ட எத்தனை பெண்களுக்குக் கருப்பை நீக்கப்பட்டது, அவர்கள் என்ன சாதி, என்ன தொழில், எடுத்த திசுவின் ஆய்வறிக்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கப்பட்டதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய் ஆகும். அறிக்கையில் எழுதியிருப்பது புரியவில்லை என்றால் அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.